கடைசிக் கோட்டையின் வாசல்

கூரியர் கவரைக் கிழித்ததும் முதலில் பசையின் வாடை வரும். அதற்குப் பிறகுதான் பிளாஸ்டிக் உறையும், அதற்குள் யார் யார் வீட்டிலோ ஆடப்பட்டு மெல்லிய கீறல்களோடு வந்த டிஸ்க்கும். இப்படி வீட்டுக்கே வீடியோ கேம் வாடகைக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் அண்ணன் சந்தா கட்டியிருந்தான். ஒரு டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தது வரும் என்பது அவர்கள் விதி. அதனால் கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டில் விருந்தாளிகளைவிட அதிகம் எதிர்பார்க்கப்பட்டவர் கூரியர்காரர் ஆறுமுகம்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் வந்தது, ஒரு வீரன் கோட்டை கோட்டையாகப் பிடித்துக்கொண்டே போகும் ஆட்டம். அண்ணன் கல்லூரியிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் டிவி முன்னால் உட்காருவான், பக்கத்தில் நான். அம்மா சமையலறையிலிருந்தே, "கோட்டையப் புடிச்சது போதும்டா, பெரிய மார்க்கெட்டுக்குப் போயி ரெண்டு மீனயாவது புடிச்சிகினு வா" என்பார்.

கடைசிக் கோட்டையின் வாசலுக்கு வந்திருந்தபோது அவனுக்குக் காய்ச்சல் கண்டது, டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வந்து நின்றது. அப்பாவின் தோளைப் பிடித்து எழுந்தவன் என்னிடம், "பாப்பா, 'சேவ்' பண்ணிட்டேன். டிஸ்க்க அனுப்பிடாத. வந்து முடிக்கிறேன்" என்றான். அவன் திரும்பி வரவில்லை.

ஆட்டம் எதுவரை வந்திருக்கிறது என்பது டிஸ்க்கில் பதிவதில்லை. டிவியோடு இணைத்த கேம் மிஷினில் செருகியிருக்கும், தீப்பெட்டியைவிடச் சின்னதான 'மெமரி கார்டில்' பதிவாகும். அம்மாவுக்கு அது தெரியாது. மகன் அந்த வீட்டுக்குள் கடைசியாகப் பேசிய வார்த்தைகளைச் சேர்த்துவைத்து, அவன் அந்த டிஸ்க்குக்குள்ளேதான் இருக்கிறான் என்று எடுத்துக்கொண்டார். அதைத் துணியில் சுற்றி, பீரோவில் அவனுடைய ஞானஸ்நான உடுப்புக்கு அடியில் வைத்தார்.

விஷயம் தெரியாத ஆறுமுகம் வாசலில் வந்து நின்று சிரித்தார். "என்னக்கா, இந்தவாட்டி ரிட்டர்ன் இல்லியா? தம்பி இன்னும் தோத்துக்கினே இருக்கா?"

"இன்னும் முடிக்கலப்பா" என்றார் அம்மா. "அடுத்த வாரம் வா."

அடுத்த வாரமும் அதே கேள்வி, அதே பதில். அதற்கடுத்த முறை கதவு அகலத் திறந்திருந்தது. மெழுகுவத்திக்குப் பின்னால் மாலை போட்ட படத்தை அவர் பார்த்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுப் படத்தைக் கும்பிட்டார். "தம்பி மெதுவா முடிக்கட்டும்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். டிஸ்க் தொலைந்துவிட்டதாகக் கம்பெனியிடம் சொல்லி அப்பா சந்தாவை முடித்தார்.

மிஷின் கண்ணில் பட்டாலே அப்பாவால் தாங்க முடியவில்லை. அதைத் துணிப்பையில் போட்டு, சாரம் பகுதியிலிருந்த பெரியப்பா வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். கார்டும் அதோடு போயிற்று என்று எனக்கு உறைத்தபோது பல நாள் ஆகியிருந்தது. ஓடிப்போய்க் கேட்டேன். பெரியப்பா மகன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "எடமில்லக்கா, பழசெல்லாம் அழிச்சிட்டோம்" என்றான்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றிருந்தார். "அவன் எந்த எடத்துல நிக்கிறான் பாப்பா?"

"கடைசிக் கோட்ட வாசல்லம்மா" என்றேன்.

ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் கல்லறைக்குப் போய் வந்த பிறகு அம்மா அந்த டிஸ்க்கை எடுத்துத் துடைப்பார், "வாசல்லதான நிக்கிறான்?" என்று கேட்பார், நானும் ஆமாம் என்பேன். இந்த ஆண்டு துடைத்துவிட்டுப் பீரோவில் வைக்காமல் என் கையில் கொடுத்தார். "ஒருவாட்டி போட்டுக் காட்டேன் பாப்பா. பாத்துட்டுக் கம்பெனிக்கே திருப்பிக் குடுத்துடறேன்."

சந்தா வாங்கிய கம்பெனி இல்லை. ஆறுமுகம் எப்போதோ வேலையை விட்டுவிட்டார். இப்போது பார்சல் கொண்டுவரும் பையன்கள் வாசலில் வைத்துப் படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். என் லேப்டாப்பில் டிஸ்க் செருகும் வாயே கிடையாது.

"இதப் போடற மிஷின் இப்பக் கடையில விக்கறதில்லம்மா" என்றேன். இத்தனை வருஷத்தில் அந்த டிஸ்க்கைப் பற்றி நான் அவரிடம் சொன்ன முதல் உண்மை அது.

அம்மா அதைத் திரும்ப வாங்கித் துணியில் சுற்றினார். பிறகு கேட்டார்: "எவ்ளோ நாளா நிக்கிறான். கொஞ்சம் ஒக்காரச் சொல்ல முடியாதா பாப்பா?"