ரியோ சோர்தோவும் சபாரத்தினத்தின் அறிமுக உரையும்

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் பாபடோயிட்டோயில் சபாரத்தினத்தின் முழுப் பெயர் தெரியாதவர்கள் இருக்கலாம். ரியோ சோர்தோவைத் தெரியாத தமிழர் இல்லை. எழுபதுகளில் ஸ்பானிய மொழியில் ராக் பாடிய சிலி நாட்டு மூவர் குழு அது. மூன்று இசைத்தட்டு போட்டு, அவை நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே கலைந்துபோனது. விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை பார்த்த சபாரத்தினம், பழைய சாமான் கடையில் அந்த இசைத்தட்டுகளில் ஒன்றை வாங்கினார். அன்றோடு எங்கள் நிம்மதி போனது. அவருக்கு ஸ்பானிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. அதை அவர் ஒரு குறையாக நினைத்ததே இல்லை.

பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு, செத்தவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்று எங்கே போனாலும் அந்தக் குழுவின் வரலாறு வரும். சாப்பாட்டுத் தட்டோடு நிற்கிறவன் ஓடமுடியாது என்பது அவருக்குத் தெரியும். "அப்பா, நோ ஒன் ஆஸ்க்ட்" என்பாள் மகள் கஜந்தினி. "பிள்ளைக்கும் ஆர்வம் வந்திட்டுது" என்று எங்களிடம் சொல்வார்.

வரலாற்றின் கடைசிப் பகுதி மட்டும் அவரிடம் இல்லை. அவர்கள் ஏன் பிரிந்தார்கள்? இராணுவக் கெடுபிடி என்று ஒருநாள் சொல்வார், பொம்பிளை விவகாரம் என்று இன்னொரு நாள். உண்மை தெரியாதது மனிதனை உள்ளுக்குள் அரித்தது. அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவர்மேல் இரக்கம் உண்டு.

போன வருடம் அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. குழுவின் டிரம்ஸ்காரர் ஒஸ்வால்டோ, பக்கத்து ஊரான பக்குரங்காவில் மகள் வீட்டில் இருக்கிறாராம். நேரே போய்க் கேட்டிருக்கலாம். நம்மவர் அப்படிச் செய்வாரா? எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு அழைத்து, பொன்னாடை போர்த்தி, மேடையில் வைத்துத்தான் கேட்பேன் என்று நின்றார்.

பாவம் ஒஸ்வால்டோ, அந்த வயதிலும் தன் டிரம்ஸைக் காரில் கொண்டுவந்து தானே மேடையில் பொருத்தி வைத்தார். ஒரு பாட்டு வாசிப்பதாக ஏற்பாடு. முதலில் வரவேற்புரை, பிறகு தலைமையுரை. வாழ்த்துரைக்கு வந்தவர் தன் மகன் டொக்டர் படிப்புக்கு எடுபட்டதைச் சொல்லி, எங்களைக் கொண்டு தன்னை வாழ்த்த வைத்தார்.

கடைசியாகச் சபாரத்தினத்தின் அறிமுக உரை. சிலியின் மலைகளில் தொடங்கினார். "இனி பாட்டுக்கு வாறன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வரவில்லை. ஒஸ்வால்டோ பொன்னாடைக்குள் வியர்த்தபடி புன்னகைத்துக்கொண்டிருந்தார். அடுத்து மண்டபத்தை எடுத்திருந்த ஜும்பா நடன வகுப்புப் பெண்கள் தண்ணீர்ப் போத்தல்களோடு வாசலில் வந்து நின்றார்கள். மண்டபக் காப்பாளர் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார்.

முன்வரிசையில் இருந்த அவர் மனைவி புஷ்பவதிக்குப் பொறுக்கவில்லை. "இஞ்சேருங்கோ, கேக்க வந்ததையாவது கேளுங்கோவன்!"

அப்போதுதான் சபாரத்தினம் ஒஸ்வால்டோவின் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

ஒஸ்வால்டோவும் ஆங்கிலத்திலேயே மெல்லச் சொன்னார். "எங்கள் கிட்டார்காரன் நல்ல மனிதன். ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் விளக்கம் சொல்வான். வருடத்துக்கு வருடம் அது நீண்டுகொண்டே போனது. ஒருநாள் அவன் சொல்லி முடித்துப் பார்த்தால், மண்டபத்தில் நாங்கள் மூன்று பேர்தான். அதோடு விட்டுவிட்டோம்."

புஷ்பவதி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சபாரத்தினத்தின் முகம் விழுந்துபோனது. எனக்கே ஒரு மாதிரி இருந்தது. மனிதனுக்கு உறைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அவர் மைக்கைத் திரும்ப வாங்கினார். "ஐயா சொன்னதை உங்களுக்குத் தமிழிலை கொஞ்சம் விளக்கமாச் சொல்லிறன்" என்றார்.

ஒஸ்வால்டோ எழுந்துபோய் டிரம்ஸைக் கழற்றத் தொடங்கினார்.