அத்தான் பெயரில் வந்த கோப்புகள்

மார்ச் 4 – 61
மார்ச் 5 – 58
மார்ச் 6 – 73
மார்ச் 9 – 40
மார்ச் 10 – 66

இவை கோப்புகளின் எண்ணிக்கை. ஒவ்வொன்றும் ஒரு தெருவின் தண்ணீர்க் குழாய் வரைபடம். ஒவ்வொன்றிலும் உரிமையாளர் என்ற இடத்தில் ஒரே மனிதரின் பெயர். அந்த மனிதர் பிப்ரவரி 26ஆம் தேதி காலை, வேலைக்குக் கிளம்பி சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்து இறந்துபோனவர்.

எண்ணியவர் அவருடைய மைத்துனர். அலுவலகத்தில் அவரை ஒயர்காரர் என்பார்கள். இரண்டாம் மாடியில் பதினான்கு மேசைகள், பதினான்கு விண்டோஸ் கணினிகள். மூலையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு லினக்ஸ் சர்வர். வரைபவர்கள் சேமிப்பதெல்லாம் அந்தச் சர்வரில்தான் போய் விழும். விண்டோஸ் ஒரு பாஷை பேசும், லினக்ஸ் வேறு பாஷை பேசும். நடுவில் நின்று இரண்டையும் ஒத்துப்போக வைக்கும் மென்பொருளுக்குச் சாம்பா என்று பெயர். அதைக் கட்டி மேய்ப்பதுதான் ஒயர்காரரின் பத்தொன்பது வருட உத்தியோகம். அவரை அங்கே சேர்த்துவிட்டதே அத்தான்தான். அக்காவின் கணவர்; அந்த மாடியில் மூத்த வரைவாளர்.

பிப்ரவரி 11ஆம் தேதி ஒரு தெருவில் பள்ளம் தோண்டினார்கள். வரைபடத்தில் வால்வு கிழக்குப் பக்கம் இருந்தது. மண்ணுக்குள் அது மேற்குப் பக்கம் இருந்தது. பெரிய குழாய் உடைந்து கரை சரிந்ததில், தோண்டிய கூலியாளின் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. வரைபடத்தைக் கடைசியாக மாற்றியது யார் என்று மேலாளர் கேட்டார். ஒயர்காரர் பார்த்துச் சொன்னார்: ஜனவரி 19, மாலை 3.52, அத்தான் பெயர்.

இரண்டு நாள் கழித்து அத்தான் அவரை மாடிப்படியில் நிறுத்தினார்.

"டேய், நான் அந்தப் படத்தைத் தொடவே இல்லடா. அந்த வாரம் முழுக்க நான் வேற ஏரியா பார்த்துக்கிட்டிருந்தேன்."

"சர்வர்ல உங்க பேர்தான் அத்தான் இருக்கு. சர்வர் பொய் சொல்லாது."

அத்தான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "அப்போ நான்தான் மாத்தியிருக்கணும். வயசாகுதுல்ல" என்று சிரித்துவிட்டுப் படியேறிப் போனார்.

விடுப்பு முடிந்து மார்ச் 4ஆம் தேதி வேலைக்குத் திரும்பிய ஒயர்காரர், இறந்தவரின் கணக்கை மூடலாமென்று மாலையில் உட்கார்ந்தார். வழக்கம்போல, மூடுவதற்கு முன்னால் அந்தப் பெயரில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டார். அன்று காலையிலிருந்து மட்டும் அறுபத்தொரு கோப்புகள். ஜன்னலோரத்தில் அத்தானின் நாற்காலி காலியாக இருந்தது. கணினியின் மேல் தூசி இருந்தது. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அந்தப் பயம் பத்து நிமிடம்தான் இருந்தது. அதற்குப் பிறகு வந்தது பயமில்லை, அதைவிட மோசமானது. சாம்பாவின் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவரே எழுதிய வரி அங்கே இருந்தது. புதுச் சர்வர் வந்த நாள் அது. ஒருவர் சேமித்ததை இன்னொருவர் திறந்து திருத்த முடியாமல் 'அனுமதி இல்லை' என்று வந்துகொண்டிருந்தது. பதினான்கு பேரும் அவர் உயிரை எடுத்தார்கள். அதனால், யார் சேமித்தாலும் ஒரே ஆள் சேமித்ததாகக் கணக்கில் ஏறட்டும் என்று ஒரு வரி எழுதினார். ஒரு பெயர் வேண்டியிருந்தது. பரீட்சித்துப் பார்க்கத் திறந்து வைத்திருந்தது அத்தானின் கணக்கு, அதையே போட்டார். இரண்டு நாளில் ஒழுங்காகச் செய்துவிடலாம் என்று நினைத்தவர், சத்தம் அடங்கியதும் மறந்தே போனார்.

ஆக, ஜனவரி 19 அன்று பதினான்கு பேரில் யார் வேண்டுமானாலும் அந்த வால்வை நகர்த்தியிருக்கலாம். சர்வர் பொய்தான் சொல்லியிருக்கிறது. சொல்லிக்கொடுத்தவர் அவர்.

அந்த வரியைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலைக்குள், இறந்தவர் பெயரில் கோப்புகள் வருகிற விஷயம், பட்டியலைத் திரையில் பார்த்துவிட்ட யாரோ மூலம் மாடி முழுக்கப் பரவியிருந்தது.

"பெரியவர் செத்தும் ஓவர்டைம் பார்க்கிறாருய்யா" என்றார் பக்கத்து மேசை வரைவாளர்.

"அவரோட கோப்பை நீ திறக்காதே. ராத்திரி வீட்டுக்கு வந்து கோடு கோணல்னு திட்டுவார்" என்றார் இன்னொருவர்.

சிரித்தார்கள். ஆனாலும் ஜன்னலோர நாற்காலியில் ஒருவரும் உட்காரவில்லை. அன்றைக்கே அத்தானின் சாமான்களை எடுத்துப்போக வந்த அக்காவிடம், வரவேற்பில் இருந்த பெண் இதைச் சொல்லிவிட்டாள். அன்று மாலை அக்கா போன் செய்தாள்.

"இன்னைக்கு எத்தனைடா?"

"என்னது அக்கா?"

"உங்க அத்தான் எத்தனை போட்டார்?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். "ஐம்பத்தெட்டு" என்று வந்தது. அவள் மூச்சுவிடுவது கேட்டது. "மனுஷன் சும்மா இருக்க மாட்டார்" என்று வைத்துவிட்டாள். அதிலிருந்து தினமும் கேட்டாள், தினமும் சொன்னார். எண்ணிக்கை குறைந்த நாளில், "உடம்பு முடியலையோ என்னவோ" என்பாள். ஒயர்காரர் மாடிப்படியை விட்டுவிட்டு லிஃப்டில் போகத் தொடங்கினார். திரையில் அந்தப் பெயர் வரிசையாக இறங்கும்போது, யாரோ தோளுக்குப் பின்னால் நின்று பதிலுக்குக் காத்திருப்பதுபோல் இருக்கும். திரும்பிப் பார்ப்பார். கண்ணாடித் தடுப்பில் அவர் முகம்தான் தெரியும்.

ஏப்ரல் 20ஆம் தேதி விசாரணை அறிக்கை அக்காவின் வீட்டுக்கு வந்தது. விபத்துக்குக் காரணம் மறைந்த வரைவாளரின் கவனக்குறைவு. பணிப் பலன்கள் நிறுத்திவைக்கப்படுகின்றன. ஒயர்காரர் அங்கே போனபோது அக்கா அதைச் சமையல் மேடைமேல் விரித்து வைத்திருந்தாள்.

"செத்த பிறகும் தினமும் வந்து உழைக்கிற மனுஷன்டா. அவரைப் போய் இப்படி எழுதியிருக்கானுங்களே. நீ ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அவர் நின்றபடியே சொன்னார். ஒன்பது வருடத்து வரி, ஒரே பெயர், தினமும் அவர் சொன்ன எண்கள், எல்லாவற்றையும். அக்கா அடுப்பை அணைத்தாள்.

"அப்போ அவர் வரவே இல்லையா?"

"இல்ல அக்கா."

"ஒருநாள்கூட?"

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். அக்கா அறிக்கையை மடித்து வைத்தாள். பிறகு, "மாடிப்படியில உங்கிட்ட கேட்டாராமே" என்றாள். "வந்து சொன்னார். 'உன் தம்பியே பார்த்துட்டான், நான்தான் மாத்தியிருக்கேன்'னார். அதுக்கப்புறம் படுக்கையில கண்ணை மூடிக்கிட்டு விரலால கோடு போட்டுக்கிட்டே இருப்பார். கிழக்கா மேற்கான்னு என்னை எழுப்பிக் கேட்பார். ஒரு ஆளோட காலு போச்சேன்னு அழுதார்டா."

அதுவரை நின்றிருந்த ஒயர்காரர் தரையில் உட்கார்ந்தார்.

"அந்த வரி இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"முதல்ல இதை ஆபீஸ்ல எழுதிக் கொடு. அப்புறம் அதை அழிச்சுடு."

"அழிச்சா நாளையிலேருந்து அவர் பேர்ல ஒண்ணுமே வராது அக்கா."

"அவர் செய்யாத எதுவும் அவர் பேர்ல வர வேண்டாம்."

மூன்று பக்கம் எழுதினார். அமைப்புக் கோப்பின் நகலையும், இறந்தவர் பெயரில் வந்த கோப்புகளின் பட்டியலையும் இணைத்தார். மேலாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"யோவ், இதை விசாரணைக் குழுவுக்கு அனுப்பினா உன் வேலை போயிடும். தெரியுமா?"

"தெரியும் சார்."

"ஜனவரி 19ல மாத்தினது யாரு?"

"இனிமே யாராலயும் சொல்ல முடியாது சார். நான் அப்படிச் செஞ்சு வச்சிருக்கேன்."

ஏப்ரல் 24 அன்று வரியை அழித்தார். பதினான்கு மேசையிலும் 'அனுமதி இல்லை' வந்தது; பழையபடி கத்தினார்கள். எல்லாரையும் ஒரு குழுவில் சேர்த்து, அவரவர் பெயர் அவரவர் வேலைமேல் நிற்கும்படி ஒழுங்குசெய்ய மூன்று நாள் பிடித்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னாலும் அதே மூன்று நாள்தான் ஆகியிருக்கும். அதன்பின் அத்தான் பெயரைத் தேடினால் புதிதாக ஒன்றும் வரவில்லை. ஆனாலும் மாலையில் அவர் தேடிப் பார்க்காமல் கிளம்பியதில்லை. போன் அடிக்கவில்லை.

மே 29ஆம் தேதி அவருக்குக் கடிதம் வந்தது: அன்றோடு வேலையிலிருந்து விடுவிப்பு. சாவிகளைக் கொடுத்துவிட்டு அன்றைக்கு மாடிப்படியிலேயே இறங்கினார். பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்து நிற்க வேண்டியிருந்தது. 'அப்போ நான்தான் மாத்தியிருக்கணும்' என்ற குரல் காதில் அப்படியே கேட்டது. அதற்குச் சொல்ல வேண்டிய பதிலை இப்போது வாய்விட்டுச் சொன்னார்: "சர்வர் பொய் சொல்லிடுச்சு அத்தான்." கீழிருந்து ஏறி வந்துகொண்டிருந்த தபால்காரர் தன்னிடம்தான் பேசுகிறார் என்று நினைத்து, "என்ன சார்?" என்றார்.

ஜூன் மாதம் விசாரணைக் குழு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் அனுப்பியது. பதில் எழுதினார். பிறகு நெடுநாள் ஒன்றுமில்லை. கடைசிக் கடிதம் அக்காவின் பெயருக்கு வந்தது: அறிக்கையிலிருந்து அவள் கணவரின் பெயர் நீக்கப்பட்டது, மாற்றியவர் யாரென்று கண்டறிய இயலவில்லை. அவள் அதைத் தம்பியிடம் நீட்டிவிட்டு உள்ளே போனாள். அந்தக் கடிதம் வந்து சேர்ந்த தேதி ஆகஸ்ட் 19; வரைபடத்தில் வால்வு நகர்ந்த நாளுக்குச் சரியாக ஏழு மாதம்.