ரகசியக் கேள்விக்குத் தாத்தா பெயர்

ஒரு திங்கட்கிழமை காலையில் என் மெயில் என்னை உள்ளே விடவில்லை. பாஸ்வேர்டு தவறு என்றது. ஒவ்வொரு எழுத்தாக நிதானமாகத் தட்டினேன். அப்போதும் தவறு. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. 'மறந்துவிட்டதா' என்ற இடத்தை அழுத்தி, அது கேட்ட ரகசியக் கேள்விக்குப் பதில் சொல்லி, புதிய பாஸ்வேர்டு வைத்து உள்ளே போனேன். நான் படிக்காத இரண்டு மெயில்கள் படித்தவையாகக் காட்டின. யாரோ உள்ளே போய்ப் படித்திருக்கிறார்கள்.

இரண்டும் அவர் எழுதியவை. அவருக்குக் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆபீஸ் வேலை. எனக்கு அதே சாலையில் ஒரு கம்பெனியில். பஸ்ஸில் தொடங்கிய பழக்கம், கல்யாணம் செய்துகொள்வது என்ற முடிவுவரை வந்திருந்தது. அவர்கள் கிறிஸ்தவர்கள். என் வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எல்லாம் அம்மாவின் அண்ணன் சொல்கிறபடிதான். மாமா காதில் விழுந்தால் அடுத்த முகூர்த்தத்திலேயே எவனையாவது பிடித்து மணையில் உட்கார வைத்துவிடுவார். வீட்டில் போனில் பேச முடியாது. நெல்லித்தோப்பில் எங்கள் வீடு எவ்வளவு நெருக்கம் என்றால், பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்தால் நாங்கள் எழுந்துபோய் எங்கள் அடுப்பை அணைப்போம். அதனால்தான் மெயில்.

அந்த வார இறுதியில் மறுபடியும் அதே கதை. பாஸ்வேர்டு தவறு. நான் மாற்றினேன். சில நாளில் மறுபடியும் தவறு. எவனோ மாற்றுவதும் நான் மாற்றுவதுமாக ஒரு சண்டை. எவன் என்றுதான் தெரியவில்லை. ஆபீசில் கூட்டல் தப்பியது. பஸ்ஸில் யார் என்னைப் பார்த்துச் சிரித்தாலும், இவன்தானோ என்று எரிந்து விழத் தோன்றியது. தெருமுனை பிரவுசிங் சென்டர்காரரைக்கூடச் சந்தேகப்பட்டேன். பாவம், அவர் என்னைப் பார்த்து வணக்கம் வைப்பவர்.

காலாப்பட்டுக்காரர் சொன்னபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்தேன். ஆன்ட்டிவைரஸ் போட்டு ஓடவிட்டேன். அது ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை என்றதும் எனக்கு அதன்மேலும் கோபம் வந்தது. அம்மா டி.வி. பார்த்தபடி, "இன்னாடி, காலைலேர்ந்து அதயே மொறச்சிக்கினு இருக்க?" என்றாள். அம்மா ஒரு பள்ளிக்கூடத்து ஆபீசில் ஃபீஸ் ரசீது போடுகிறவள். அவளுக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் அவ்வளவுதான் என்பது என் எண்ணம்.

"ஒண்ணுமில்ல, வைரஸு" என்றேன்.

மறுநாள் பஸ்ஸில் அவர் கேட்டார். "ரகசியக் கேள்விக்கு என்ன பதில் குடுத்திருக்கீங்க?"

சொல்ல ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினேன். அந்தக் கேள்வி, அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் என்ன என்பது. வெள்ளைக்காரனுக்கு அது ரகசியமாக இருக்கலாம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஒரு இனிஷியல் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவுடையது, பின்னால் புருஷனுடையது. ஒற்றை எழுத்தை அந்தக் கட்டம் ஏற்காததால் தாத்தா பெயரை முழுசாகப் போட்டிருந்தேன். எங்கள் வகையறாவில் அச்சடிக்கும் ஒவ்வொரு கல்யாணப் பத்திரிகையிலும் இருக்கிற பெயர். மாமா வீட்டு வாசலில் பெயிண்டில் எழுதியே இருக்கிறது.

"எங்க வீட்ல குடும்பப் பேரு உண்டுங்க. பிரெஞ்சுக்காரன் காலத்துல வச்சது" என்று அவர் பெருமையாகச் சொன்னார்.

"அதுவும் ஊருக்கே தெரியுமே" என்றேன் எரிச்சலோடு. அவர் முகம் சுருங்கியது.

எனக்கு அப்போது சந்தேகமே இல்லை. மாமாதான். தன் பையனை விட்டுத் திறக்கச் சொல்லியிருப்பார். அன்று சாயங்காலமே பாஸ்வேர்டை மாற்றினேன். ரகசியக் கேள்விக்கு, காலையில் சாப்பிட்ட ரவா உப்புமாவைப் பதிலாகப் போட்டேன். எந்தப் பத்திரிகையிலும் அதை அச்சடிக்க மாட்டார்கள்.

அடுத்த ஞாயிறு மாமா வந்தார். காபியை வாங்கிக்கொண்டு, "பாப்பா, மெயிலுல்லாம் பாக்கறியா?" என்றார்.

"பாக்கறேன் மாமா."

"கடலூர்ல ஒரு எடம் வந்துருக்கு. ஜாதகத்த மெயில்லயே அனுப்பச் சொல்றாங்க. நீயே அனுப்பிடு."

என் கழுத்துக்கு நானே கயிறு அனுப்ப வேண்டுமாம். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா குறுக்கிட்டாள். "இப்ப இன்னா அவசரம்ண்ணா? ஆடி போவட்டும்." அம்மா அவரை மறுத்துப் பேசி நான் பார்த்ததே இல்லை. மாமா முனகிக்கொண்டே போனார். அவருக்குத் தெரிந்திருந்தால் ஜாதகம், ஆடி என்று காத்திருப்பாரா? அப்படியானால் வேறு யார்? குழப்பம் இன்னும் கூடியது.

அதன் பிறகு பாஸ்வேர்டு மாறவில்லை. ஆனாலும் நிம்மதி வரவில்லை. தினமும் திறந்து, எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பேன். வெளியே வந்து மறுபடியும் திறப்பேன். அம்மாவும் ஏனோ நிலைகொள்ளாமல் இருந்தாள். தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு என் முகத்தையே பார்ப்பாள்.

ஒரு நாள் டிபன் பாக்ஸை மூடியபடி, திரும்பாமல் கேட்டாள். "அவுங்கம்மாவுக்கு ஆப்பரேஷன் நல்லபடியா முடிஞ்சிதா?"

"எவுங்கம்மாவுக்கு?"

"காலாப்பட்டுப் புள்ளையோட அம்மாவுக்குத்தான்."

அவர் அம்மாவின் இதய ஆப்பரேஷன் எங்கள் மெயில்களில் மட்டுமே இருந்த செய்தி. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "நீயாம்மா? எப்படிம்மா தெறந்த?"

"மறந்துட்டேன்னு அமுத்துனேன். எங்கப்பா பேரக் கேட்டுது. சொன்னேன்." டிபன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். "நீ ஒண்ணும் சொல்லல. நான் வேற எங்க போயி தெரிஞ்சிக்கறது? இப்ப அந்தப் பேரப் போட்டாலும் தெறக்கல. அந்தப் பொம்பள பொழச்சாளா இல்லியான்னுகூடத் தெரியாம இருக்கேன்."

திட்ட வாயெடுத்த எனக்கு அழுகைதான் வந்தது. "நல்லாருக்காங்கம்மா. வீட்டுக்கு வந்துட்டாங்க."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் போயி பாத்துட்டு வருவோம். மாமாகிட்ட நான் சொல்லிக்கறேன்."