நெரை எண்ணியவர்

குளுவாங்கில் நான் ரயில் ஏறியபோது எதிரே ஜன்னலோரம் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். வெளியே செம்பனை வரிசை ஒவ்வொன்றும் கடக்கும்போது கண்ணாடியை ஒரு விரலால் தட்டிக்கொண்டே வந்தார்.

“என்னக்கா எண்ணுறீங்க?”

“நெரை.”

தோட்டத்தில் மரவரிசைக்குச் சொல்லும் அந்தச் சொல்லை நான் கேட்டு வெகுநாளாகிவிட்டது. சிங்கப்பூரில் ஆய்வுக்கூட வேலை என்றார்.

“அங்கயும் நெரைதான் போடுறோம், லேசர் வெளிச்சத்துல. அணுவ அசைய முடியாத அளவுக்குக் குளிர வச்சு, அதுக்குள்ள விட்டு, ஒரே பக்கமா இழுப்போம்.”

“அந்தப் பக்கமே போயிடுமா?”

“போகாது லா. கொஞ்ச தூரம் போகும், தானா திரும்பி வந்துடும். எவ்ளோ நேரம் இழுத்தாலும் போறதும் வர்றதும்தான்.”

“அப்ப வெளியவே போக முடியாதா?”

“எதுலயாச்சும் மோதணும். இல்ல, நெரை கெடணும்.”

அவர் இறங்க வேண்டிய பாலோ நிலையம் நெருங்கியது. அவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“இருபது வருஷமா வாரா வாரம் வரேன், அப்பாவுக்காக. இன்னிக்குக் காலையில தவறிட்டாரு. இனிமே வர வேண்டியதில்ல.”

அணுவைப் பற்றிச் சொன்ன அதே குரல். அந்தக் குரலில் இருந்தது துக்கமா, விடுதலையா என்று இன்றும் பிடிபடவில்லை.

அவர் இறங்கிப் போன பிறகு கண்ணாடியைப் பார்த்தேன். அத்தனை நெரை கடந்தும், விரல் பட்ட அழுக்கு ஒரே இடத்தில்தான் இருந்தது.