ஜெபச் சீட்டில் கீழ்வீட்டு மாமி

கணவர் இறந்தபின் மயிலாப்பூர் வீட்டு மாடியில் நான் மட்டும்தான். கீழ்வீட்டு மாமியும் தனியாகத்தான் இருக்கிறார்.

எங்கள் சபையில் ஞாயிறுதோறும் ஜெபக் குறிப்பைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவோம், போதகர் வாசிப்பார். மூன்று மாதமாக நான் எழுதியது ஒன்றேதான்: "கீழ்வீட்டில் தனிமையில் வாடும் சகோதரிக்காக." சபை முழுக்க ஆமென் சொல்லும். வீடு திரும்பும்போது மாமியின் திறந்த கதவைத் தாண்டித்தான் படியேறுவேன். நின்றால் பேச்சு வளர்ந்து நேரமாகிவிடும் என்று தலையை மட்டும் அசைப்பேன். அந்த நேரத்தை வைத்துக்கொண்டு மாடியில் ஒன்றும் கிழித்ததில்லை.

போன மாதம் காய்ச்சலில் நான் இரண்டு நாள் கதவையே திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலை யாரோ தட்டினார்கள். திறந்தால், ரசம் சாதம் வைத்த தூக்கோடு மாமி மூச்சு வாங்க நின்றார்.

"ரெண்டு நாளா பால் பாக்கெட் கீழயே கெடக்கறது. அதான் பார்த்துண்டு போலாம்னு வந்தேன்."

நோயாளியை விசாரிக்கப் போவது தம்மையே பார்க்க வருவதுதான் என்று இயேசு சொன்ன பகுதியைச் சிறுவயதில் பிழையில்லாமல் ஒப்பித்தவள் நான். பரிசாகக் கிடைத்த கோப்பை இன்னும் அலமாரியில் இருக்கிறது.

மாமி சுவரைப் பிடித்தபடி திரும்பியபோதுதான் கவனித்தேன்.

"முழங்கால் வலியா மாமி? சொல்லவே இல்லையே?"

"கேட்டாத்தானே சொல்றதுக்கு," என்றார் கோபமில்லாமல். பிறகு ஒவ்வொரு படியாக இறங்கினார்.