பொட்டு வைத்த பெட்டி

“இதுல என்ன சாஃப்ட்வேர் போடப் போறாங்க, அக்கா?”

மடிக்கணினியைக் காட்டிக் கடைப்பெண் ஹஸீனா கேட்டது உமாமகேஸ்வரிக்குப் புரியவில்லை. மகள் இனியா பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் சேர்ந்திருக்கிறாள், கையில் இருக்கும் பணம் ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி, தள்ளுபடி ஞாயிற்றுக்கிழமையான இன்றோடு முடிகிறது. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மகளைக் கேட்கலாமென்றால் அவள் புதுமுக மாணவர் முகாமில் இருந்தாள், கைப்பேசியை எடுக்கவில்லை.

“படிக்கிறதுக்குத்தாம்மா. கனமில்லாம குடு.”

கனத்தில் உமாமகேஸ்வரியை யாரும் ஏமாற்ற முடியாது. லிட்டில் இந்தியாவில் ஒரு காய்கறிக் கடையில் இருபது வருடமாக நிற்கிறவர். கத்தரிக்காயை அள்ளினால் தராசுக்கு முன்னால் அவர் கை எடையைச் சொல்லிவிடும். வீடு இருக்கும் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து பல்கலைக்கழகம் இருக்கும் கிளமெண்டி பக்கம் தினமும் பேருந்தில் நின்றுகொண்டே போகப்போகிற பிள்ளை. அது தோளில் பாறாங்கல்லையா மாட்டி அனுப்புவது? வரிசையாக இருந்த மடிக்கணினிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். ஆறாவதைத் தூக்கியதும் முகம் மலர்ந்தது.

“ஒரு கிலோ நூறு கிராம்.”

ஹஸீனா விவர அட்டையைத் திருப்பிப் பார்த்து வாயைப் பிளந்தாள். அதேதான். விலை ஆயிரத்து நானூற்று ஐம்பது. உமாமகேஸ்வரி வாங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைச் சாமி மேடைக்கு முன்னால் வைத்து, நாலு மூலையிலும் சந்தனமும் குங்குமமும் இட்டார். மறுநாள் முகாமிலிருந்து வந்த இனியா பையைக்கூடக் கழற்றவில்லை.

“மா, தொறக்கட்டா?”

“வெள்ளிக்கிழமை கோயில்ல அர்ச்சனை பண்ணிட்டுத் தொறக்கலாம்.”

“இன்னும் நாலு நாளா! இது என்ன லாரியா, எலுமிச்சம்பழம் வச்சு நசுக்க? லேப்டாப் லா!”

“அந்தப் பழைய லேப்டாப்போட மூணு வருஷம் மல்லுக்கட்டுனவளுக்கு நாலு நாள் பெருசா?”

இனியா பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். செவ்வாய்க்கிழமை கத்தரிக்கோலோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தவள், அம்மா பார்த்த பார்வையில் அதைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் பல்கலைக்கழகத் துறையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. எந்தெந்த மென்பொருள் தேவை, அதற்கு எப்படிப்பட்ட கணினி வேண்டும் என்று ஒரு பட்டியல். இனியா அதையும் பெட்டியில் ஒட்டியிருந்த விவரத்தையும் மாறி மாறிப் படித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“மா, இதுல இருக்குற சிப் வேற மாதிரி. எங்க ட்ராயிங் சாஃப்ட்வேர் இதுல ஓடாது.”

“ஓடாதுன்னா? மெதுவா ஓடுமா?”

“ஓடவே ஓடாது மா. இன்ஸ்டாலே ஆகாது.”

இன்னொன்று வாங்கப் பணத்துக்கு எங்கே போவது? உமாமகேஸ்வரி அவசரமாகப் பணப்பையைக் கவிழ்த்து ரசீதைத் தேடினார். ஏழு நாளுக்குள், சீல் பிரிக்காமல் கொண்டுவந்தால் மாற்றித் தரப்படும் என்று போட்டிருந்தது. சீல் பிரியவில்லைதான். ஆனால் பெட்டி முழுக்கப் பொட்டு. இதைப் போய் யார் திருப்பி எடுத்துக்கொள்வார்கள்?

வியாழக்கிழமை இருவரும் கடைக்குப் போனார்கள். பெட்டியைப் பார்த்ததும் ஹஸீனாவின் புருவம் ஏறியது.

“என்ன அக்கா, பெட்டிக்குக் கல்யாணம் பண்ணிட்டீங்களா?”

“சாமி கும்பிட்டோம்மா. உள்ள எதையும் தொடல, சத்தியமா.”

ஹஸீனா பெட்டியைத் திருப்பினாள். ஒரு மூலையில் வைத்த சந்தனம் வழிந்து, சரியாக சீல் மேலேயே காய்ந்து கிடந்தது. ஹஸீனா பெட்டியோடு மேலாளர் அறைக்குள் போனாள். கதவு மூடிக்கொண்டது. இனியா அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். ஐந்து நிமிடம்தான், ஆனால் ஐந்து மணி நேரம்போல இருந்தது.

கதவு திறந்தபோது ஹஸீனா சிரித்துக்கொண்டு வந்தாள்.

“சில்லி சாஸ் கொட்டிருச்சான்னு மேனேஜர் கேக்குறாரு. தொடச்சுப் பார்த்தோம். சீல் நல்லாத்தான் இருக்கு. மாத்திக்கலாம், அக்கா.”

உமாமகேஸ்வரி அங்கிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். “இந்தத் தடவை நீயே பாத்து எடு,” என்றார் மகளிடம்.

இனியா பட்டியலை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். சிப் எது, நினைவகம் பதினாறு ஜிபியா, பிறகு கூட்ட முடியுமா? போன வருட மாடல் ஒன்று எல்லாவற்றுக்கும் ஒத்துவந்தது. விலையும் நூறு வெள்ளி குறைவு. அம்மா அதைத் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“நானூறு கிராம் கூடுதுடி.”

“நாலு தக்காளி மா. தூக்கிருவேன்.”

வெள்ளிக்கிழமை அர்ச்சனை முடிந்தது. சனிக்கிழமை வீட்டில் அந்த மென்பொருள் ஏறி, திரையில் ஒரு பல்சக்கரம் மெதுவாகச் சுற்றியது. அது என்னவென்று புரியாவிட்டாலும் உமாமகேஸ்வரி பக்கத்திலேயே உட்கார்ந்து, தேநீர் ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது படிப்புக்காக மடிக்கணினி வாங்கப் போகிறார்கள் என்றால் இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். துறையின் பட்டியல் வரும்வரை பெட்டியைப் பிரிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். சாமி கும்பிடாதவர்களும் நாலு நாள் பொறுக்கலாம்.