ஒரே ஜோடிக்கு வாசித்த வெர்டி

வட கரோலினா மலைநாட்டுக் களஞ்சியங்களில் நடக்கும் நடனங்களுக்கு வெர்டி ஹாலிஃபீல்ட் பிடில் வாசித்தால், ஆடும் நான்கு ஜோடிகளும் சுற்றி முடித்துத் தத்தம் இடம் சேரும்வரை வில் நிற்காது. இடையில் நிறுத்துவது, விருந்தினரைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்புவதற்கு ஒப்பாகும் என்பது அங்குள்ளோர் எண்ணம்.

அந்தப் பழக்கமே 1927ஆம் ஆண்டுக் கோடையில் அவருக்கு இடராயிற்று. இசைத்தட்டு நிறுவனத்தார் நகரத்துப் புகையிலைக் கிடங்கின் மாடியில் எதிரொலியை அடக்கப் போர்வைகளைத் தொங்கவிட்டு, மலைக்காரர்களின் இசையைப் பதிவு செய்துகொண்டிருந்தனர். மறைந்த தந்தை இயற்றிய மெட்டு ஒன்றைத் தட்டில் ஏற்றிவிட வேண்டும் என்றே வெர்டி மலையிறங்கி வந்திருந்தார். மெழுகுத் தட்டில் மூன்று நிமிடமே இடம். இருமுறை வாசித்தார், இருமுறையும் நேரம் முடிந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு அணைந்த பின்னும் வில் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒரே ஒரு தட்டுதாம்மா தருவேன். இதுவும் போச்சுன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவேன்," என்றார் நிறுவனத்து ஒலிப்பதிவாளர் கிராண்டல்.

துணைக்கு வந்திருந்த அண்ணி லுசீனா சிரித்தார். "ஏண்டி, விளக்கு அணைஞ்சது கண்ணுல படலையா?"

"பட்டுச்சு அண்ணி. ஆனா மனசுக்குள்ள மூணாவது ஜோடி இன்னும் சுத்திக்கிட்டிருக்கு. அவங்களை அந்தரத்துல விட்டுட்டு எப்படி நிறுத்துறது?"

"அப்போ மூணு ஜோடியை வீட்டுக்கு அனுப்பிடு!"

கேலியாகச் சொன்னதில் வெர்டி வழி கண்டார்: ஒரு ஜோடி மட்டும் சுற்றி முடிக்க மூன்று நிமிடம் போதும். வாசலில் நின்ற அண்ணன் ஹோபர்ட்டை அழைத்தார். "அண்ணே, பூட்ஸைக் கழட்டு. அண்ணியோட ஆடு."

"இது நடனக் கொட்டகை இல்லைங்க!" என்று பதறினார் கிராண்டல்.

"எனக்குத் தெரிஞ்ச கடிகாரம் இவங்க காலுதாங்க."

கம்பளிக் காலுறையோடு இருவரும் விரித்த போர்வைமீது சுற்றினர். ஹோபர்ட்டுக்கு மூச்சு வாங்கியது, லுசீனா விடவில்லை. வெர்டியின் பார்வை அந்தப் பாதங்களைவிட்டு அகலவேயில்லை. கடைசிச் சுழற்சியில் லுசீனா தம் இடத்தில் வந்து நின்றார், வில்லும் நின்றது. அதன் பின்னரே விளக்கு அணைந்தது.

கிராண்டல் பெருமூச்சு விட்டார். "தட்டுல யார் பேரைப் போடணும்? உங்க வீட்டுக்காரர் பேரையா?"

"அவருக்குப் பிடிலை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது," என்றார் வெர்டி, தாடையிலிருந்து பிடிலை எடுக்காமலே. "மெட்டுக்கு எங்கப்பா பேரு. வாசிச்சதுக்கு என் பேரு. ரெண்டையும் பெரிய எழுத்துல போடுங்க."